துக்கம் கட்டியாக மாறுமா? கீமோவை நிறுத்தச் சொல்லும் ‘ஹீலர்’ பேச்சைக் கேட்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. அப்பா தவறி 14 மாதம் ஆகிறது. அப்பா இறந்த அன்றே சித்திக்கு நெஞ்சுவலி வந்து, ஆஞ்சியோ செய்து பார்த்துவிட்டு, ‘அடைப்பு எதுவும் இல்லை, அதிர்ச்சியில் வந்தது’ என்றார்கள். ஒரு வாரத்தில் வீடு திரும்பிவிட்டார். அம்மா தன் மார்பில் கட்டி இருப்பதை ஐந்து மாதத்துக்கு முன்புதான் எங்களிடம் சொன்னார். புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, எட்டு கீமோவில் இரண்டு ஏற்றியாகிவிட்டது. இப்போது மாமா ஒரு ஹீலரை அழைத்து வந்திருக்கிறார். அடக்கிவைத்த அழுகைதான் கட்டியாக மாறியிருக்கிறது, அதை வெளியேற்றினால் நோய் தானாகப் போய்விடும், கீமோ வேண்டாம் என்கிறார். ஐந்து நாள் முகாமுக்கு 25,000 ரூபாய். ஒரு பொடியும் கொடுத்திருக்கிறார். மூன்றாவது கீமோவுக்கு அம்மா போகவில்லை. ஆறு நாள் ஆகிவிட்டது. ‘நான் அழுதிருந்தா இது வந்திருக்காது’ என்று தன்னையே நொந்துகொள்கிறார். சித்திக்குத் துக்கத்தால் இதயம் பாதித்தது உண்மை என்றால், அம்மாவுக்குத் துக்கத்தால் புற்றுநோய் வந்திருக்கக் கூடாதா?
– திண்டுக்கல் மாவட்ட வாசகி

பதில்: செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு, விட்டுப்போன கீமோவுக்குத் தேதி வாங்குங்கள். ஆறு நாள் தாமதத்தைச் சரிசெய்துவிடலாம். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று போனால் அப்படிச் சொல்ல முடியாது. ‘ஏன் வரவில்லை’ என்று யாராவது கடிந்துகொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயத்திலேயே திரும்பி வராமல் இருந்துவிடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு விட்டுப்போயிருக்கிறது.

புற்றுநோய்ப் பிரிவில் மனநல மருத்துவராக வேலை செய்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வி வாரம் இரண்டு முறையாவது என் மேசைக்கு வருகிறது. ‘டாக்டர், நான் எதையும் வெளியே சொல்ல மாட்டேன், அதான் வந்துடுச்சா?’ என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாழ்நாள் முழுக்கப் பிறருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவர்களிடம், அப்படி மூடிக்கொண்டதுதான் உன் குற்றம் என்று சொல்வதைவிடக் கொடுமை வேறு இல்லை.

உங்கள் அம்மாவின் துக்கம் இந்தக் கட்டியை உண்டாக்கவில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். மார்பகத்தில் முதல் செல் கெட்டுப்போன நாளிலிருந்து, விரலுக்குத் தட்டுப்படுகிற அளவுக்குக் கட்டி வளரப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். உங்கள் அப்பா தவறியது 14 மாதத்துக்கு முன்பு. அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த காலத்திலேயே, அம்மா சிரித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, இது உள்ளே தொடங்கியிருக்க வேண்டும்.

துக்கத்தையும் புற்றுநோயையும் சேர்த்துவைத்து ஆராயாமலும் இல்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுப்பதைவிடப் பெரிய துக்கம் உண்டா? டென்மார்க்கில் அப்படிப் பறிகொடுத்த 21,000-க்கும் மேற்பட்ட பெற்றோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். தாய்மார்களிடம் மட்டும் மிகச் சிறிய கூடுதல் தெரிந்தது. அதுவும் சிகரெட்டோடு தொடர்புடைய புற்றுநோய்களின் பக்கம் சாய்ந்திருந்தது. துக்கத்தில் புகைத்தார்கள், புகை தன் வேலையைச் செய்தது என்றுதான் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது. வேலை இடத்து மன அழுத்தம் பற்றி ஐரோப்பாவில் 1,16,000 பேரின் தகவல்களைத் திரட்டிப் பார்த்த 2013-ஆம் ஆண்டு ஆய்விலும் மார்பகப் புற்றுநோயோடு தொடர்பு தென்படவில்லை.

இனி உங்கள் சித்தி விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். உங்கள் மாமாவை அந்த ஹீலர் மடக்கியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

சித்திக்கு வந்தது உண்மையாகவே துக்கத்தால் வந்திருக்கலாம். அதற்குப் பெயரே இருக்கிறது: டகோட்சுபோ. 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் வைத்த பெயர். டகோட்சுபோ என்றால் அங்கே மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் பானை. கழுத்து குறுகி வயிறு பருத்திருக்கும். பெரும் அதிர்ச்சியில் அட்ரினலின் வகை ரசாயனங்கள் ரத்தத்தில் வெள்ளமாகப் பாயும்போது, சிலருக்கு இதயத்தின் இடது கீழறையின் நுனிப்பகுதி சுருங்க முடியாமல் அந்தப் பானை மாதிரி உப்பிவிடும். வலி, மூச்சுத் திணறல், ஈசிஜி மாற்றம் எல்லாமே மாரடைப்பு மாதிரியே இருக்கும். ஆஞ்சியோவில் மட்டும் அதை விளக்குகிற அடைப்பு இருக்காது. வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள். பெரும்பாலும் சில வாரங்களில் இதயம் பழையபடி ஆகிவிடும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். இதுபோக, அடைப்போடு வரும் சாதாரண மாரடைப்புகூட, நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மற்ற நேரத்தைவிடப் பல மடங்கு அதிகம். அமெரிக்காவில் மாரடைப்பு வந்த ஏறக்குறைய 2,000 பேரை விசாரித்து 2012-ல் வெளியான ஆய்வு 21 மடங்கு என்றது. ஆகவே சாவு வீட்டில் யாராவது ‘நெஞ்சை அடைக்குது’ என்றால், ‘துக்கம், அழுதா சரியாகிடும்’ என்று மோர் கொடுத்து உட்காரவைக்காதீர்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள். அடைப்பா, அதிர்ச்சியா என்பதை ஆஸ்பத்திரியில்தான் பிரித்தறிய முடியும்.

சித்திக்கு நடந்தது அம்மாவுக்கு ஏன் நடக்காது என்றால், இரண்டும் வேறு வேறு வகைக் கேடு. இதயத்துக்கு மூளையிலிருந்து நேரடி நரம்பு போகிறது. பயந்தால் அடுத்த நொடி துடிப்பு ஏறும், பயம் போனால் இறங்கும். ‘வயிற்றில் புளியைக் கரைக்கிறது’, ‘ஈரக்குலை நடுங்குகிறது’ என்று நாம் சொல்வதெல்லாம் வெறும் அலங்காரம் இல்லை. உணர்ச்சி உடம்பில் தெரியும் என்பதற்கு மெய்ப்பாடு என்று பெயர் வைத்தே நம் இலக்கணம் பேசியிருக்கிறது. ஆனால் இவையெல்லாம் வந்துபோகிறவை. புற்றுநோய் அப்படி வந்துபோவதில்லை. ஒரு செல்லின் மரபணுவில் கோளாறு விழுந்து, அது அடுத்த செல்லுக்கும் நகலாகி, ஆண்டுக்கணக்கில் பெருகி வருவது. அழுதால் நெஞ்சின் பாரம் இறங்கும். மரபணுவில் விழுந்த கோளாறு அழுகையால் திரும்பிச் சரியாவதில்லை. சித்தியைக்கூட யாரும் முகாமில் உட்காரவைத்து அழவிட்டுக் குணப்படுத்தவில்லை. ஐசியூவில் வைத்து மானிட்டரைப் பார்த்துக்கொண்டே காப்பாற்றினார்கள்.

அம்மாவின் துக்கத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது. ‘எங்களிடம் சொன்னார்’ என்று எழுதியிருக்கிறீர்கள், ‘கட்டி வந்தது’ என்று எழுதவில்லை. அவர் அதற்கு எத்தனை மாதம் முன்பே தொட்டுப் பார்த்திருப்பார்?

என்னிடம் வந்த ஒரு அம்மா, கணவர் இறந்து பதினாறாம் நாள் குளிக்கும்போது கட்டியைக் கண்டுபிடித்திருக்கிறார். நெல்லிக்காய் அளவு. வருஷத் திதி முடியட்டும் என்று இருந்துவிட்டார். துக்கவீட்டில் இன்னொரு செலவா, மகனிடம் மார்பைப் பற்றி எப்படிப் பேசுவது, நான் இருந்துதான் என்ன ஆகப்போகிறது என்று மூன்று பூட்டு. என் மேசைக்கு வந்தபோது ரவிக்கைக்குள் கர்ச்சீப்பை மடித்து வைத்திருந்தார், கசிவு தெரியாமல் இருக்க. கட்டியைத் துக்கம் உண்டாக்கவில்லை. கட்டியை மறைத்துவைத்தது துக்கம். உணர்ச்சி புற்றுநோயைத் தொடுகிற இடங்களில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான்: ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடவைக்கிறது, பாதியில் நிறுத்தவைக்கிறது. இப்போது உங்கள் வீட்டில் நடப்பதும் அதே தள்ளிப்போடல்தான். அன்று துக்கத்தின் பெயரால், இன்று சிகிச்சையின் பெயரால்.

இந்த ஹீலர்களின் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். கோபம் கல்லீரலில், துக்கம் நுரையீரலில், பயம் சிறுநீரகத்தில் என்று ஒரு படம் காட்டியிருப்பார். சீன மரபு மருத்துவத்தின் ஐம்பூதக் கணக்கிலிருந்து எடுத்தது அது. அந்தக் கணக்குப்படியே பார்த்தாலும் துக்கத்துக்கு மார்பகத்தில் இடமில்லை. அடுத்து, குணமானவர்களின் வீடியோவைக் காட்டுவார். அப்படி ஒருவரைப் பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஆபரேஷன் ஆகியிருந்ததா?’ பெரும்பாலும் ஆகியிருக்கும். கட்டியை வெட்டி எடுத்தது சர்ஜன். உங்கள் அம்மாவுக்கு இப்போது ஏற்றுகிற கீமோ, கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாமல் எங்காவது ஒளிந்திருக்கக்கூடிய செல்களுக்கு. அதை நிறுத்தினால் அடுத்த வாரமே எதுவும் ஆகாது. முடி மீண்டும் வளரும், சாப்பாடு பிடிக்கும், முகம் தெளியும். ‘பாத்தீங்களா?’ என்பார்கள். ஒளிந்திருந்தது தலைகாட்ட ஒரு வருடமோ மூன்று வருடமோ ஆகலாம். அப்போது அந்த ஹீலரின் ஃபோன் எடுக்கப்படாது.

எதையும் படிக்காமல் பேசுகிறார்கள் என்றும் நினைக்காதீர்கள். மனசுதான் புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு ஒரு ஆய்வைக் காட்டுவார்கள். 1989-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், மார்பகப் புற்றுநோய் பரவிய 86 பெண்களை வைத்துச் செய்தது. வாராவாரம் கூடி மனம்விட்டுப் பேசிய குழுவினர், பேசாதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் உயிரோடிருந்தார்கள். உலகமே வியந்தது. பிறகு 2001-ல் கனடாவில் 235 பெண்களிடம் அதையே செய்து பார்த்தார்கள்; ஆயுள் கூடவில்லை. ஸ்பீகலே திரும்பச் செய்து 2007-ல் வெளியிட்டார். மொத்தத்தில் பார்த்தால் ஆயுள் கூடவில்லை என்று நேர்மையாக எழுதினார். அந்தப் பின்பாதியை முகாமில் யாரும் சொல்வதில்லை. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது கனடா ஆய்வின் இன்னொரு முடிவை. பேசிய பெண்களின் மனவேதனை குறைந்தது, வலியும் குறைந்தது. அதுவே பெரிய விஷயம். ஆனால் அது கீமோவோடு சேர்ந்து கிடைக்க வேண்டியது, கீமோவுக்குப் பதிலாக அல்ல.

பதிலாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு. வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று வைத்தியம் மட்டுமே செய்துகொண்ட 281 பேரை ஆராய்ந்து 2018-ல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். ஆராய்ந்த நான்கு வகைப் புற்றுநோயையும் சேர்த்து இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் ஐந்து மடங்குக்கும் மேல். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்திருப்பதால் அந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனால் போகிற திசை அதுதான்.

எனக்கு அடங்காத கோபம் வருவது ‘கழிவுநீக்கம்’ என்ற சொல்லைக் கேட்கும்போது. காய்ச்சல் வந்தால், உடம்பு கழிவை வெளியேற்றுகிறது, மாத்திரை போடாதீர்கள், பட்டினி இருங்கள் என்பார்கள். கீமோ ஏற்றிய உடம்புக்கு இந்த அறிவுரை கொலைக்குச் சமம். கீமோவுக்குப் பிறகு ஏழிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். ‘கவுண்ட் குறைஞ்சிருக்கு’ என்பார்களே, அதுதான். அப்போது வரும் காய்ச்சல் ரத்தத்தில் கிருமி பரவுவதன் ஒரே அறிகுறியாக இருக்கக்கூடும். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், ராத்திரி இரண்டு மணி ஆனாலும் கிளம்புங்கள். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். மாலை காய்ச்சல், காலையில் பேச்சு மூச்சில்லை என்று நான் பார்த்திருக்கிறேன். முகாமில் இருந்துதான் தூக்கி வந்தார்கள்.

அந்தப் பொடி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். இப்படிக் கொடுக்கப்படும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பசி எடுக்கும், வலி குறையும், முகம் உப்பிப் பளபளக்கும். குணமாவது போலவே இருக்கும். கல்லீரலைக் கெடுக்கிற பொடிகளும் உண்டு. கல்லீரல் கெட்டால் அடுத்த கீமோவையே ஏற்ற முடியாமல் போகும்.

புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், 1954. அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கிய அதே ஆண்டு. எழுபது ஆண்டு ஆகிவிட்டது. ஹீலர்களின் வீடியோ இன்றும் உங்கள் மாமாவின் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய இரண்டு புகார்களுக்கு ‘உரிய துறைக்கு அனுப்பப்பட்டது’ என்ற பதிலைத் தவிர எதுவும் வரவில்லை.

எங்கள் பக்கத்துத் தவற்றையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நாள் காலையில் அத்தனை பேரைப் பார்க்கும் மருத்துவர் உங்கள் அம்மாவுக்கு ஒதுக்க முடிகிற நேரம் மூன்று நிமிடம். அதில் ரத்த ரிப்போர்ட் பார்க்கவே சரியாகிவிடுகிறது. ஹீலர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ‘உங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லுங்கம்மா’ என்று கேட்டிருப்பார். 14 மாதத்தில் அவரை அப்படி யாராவது கேட்டிருப்போமா? புற்றுநோய் வார்டு இருக்கிற ஆஸ்பத்திரிகளில் எத்தனை இடத்தில் மனநல ஆலோசகர் இருக்கிறார்? கட்டடம் திறக்கிறோம், கரண்ட் வைக்கிற (கதிர்வீச்சு) மெஷின் வாங்குகிறோம். நோயாளியிடம் உட்கார்ந்து பேச ஒரு ஆளைப் போட மாட்டேன் என்கிறோம். அந்தக் காலி நாற்காலியில்தான் ஹீலர் வந்து உட்காருகிறார். போதாதற்கு எங்கள் மருத்துவர்களே, ‘தைரியமா இருந்தாதாம்மா மருந்து வேலை செய்யும்’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். மருந்து பயந்தவருக்கும் வேலை செய்யும், அழுதவருக்கும் வேலை செய்யும். இதை அம்மாவிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள்.

மனது உடம்போடு உண்மையிலேயே விளையாடும் இடங்கள் உண்டு, அங்கே உதவியும் உண்டு. முதல் சில கீமோவில் பலருக்கும் ஏற்றப்படுவது சிவப்பு நிற மருந்து. வயிற்றைப் புரட்டும். இரண்டு மூன்று முறை ஆனதும் மூளை அதைப் பழகிக்கொண்டு, பஸ் ஆஸ்பத்திரி வளைவில் திரும்பும்போதே குமட்ட ஆரம்பிக்கும். என் நோயாளி ஒருவர் திருவிழாவில் பேத்தி கையிலிருந்த ரோஸ்மில்க்கைப் பார்த்து வாந்தி எடுத்தார். ‘பைத்தியம் பிடிச்சிருச்சா டாக்டர்?’ என்று அழுதார். பைத்தியம் இல்லை, பழக்கம். போகும் முன்பே சொன்னால், முந்தின நாள் இரவே கொடுக்க மாத்திரை இருக்கிறது, மூச்சுப் பயிற்சியும் தளர்வுப் பயிற்சியும் இருக்கின்றன. அம்மா மூன்றாவதுக்குப் போகாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், பலர் இதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். காயம் ஆறுவதிலும் மனதுக்குப் பங்குண்டு. நோயாளியைக் கவனித்தே களைத்துப்போன 13 பேருக்குத் தோலில் ஒரே அளவில் சின்னக் காயம் ஏற்படுத்திப் பார்த்த 1995-ஆம் ஆண்டு ஆய்வில், அவர்களுக்கு மற்றவர்களைவிட ஒன்பது நாள் தாமதமாகவே ஆறியது. பார்த்துக்கொள்கிற உங்களுக்கும் தூக்கம் வேண்டும் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

பசியின்மை, அசதி எல்லாம் கீமோவாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். அதை வைத்து முடிவுகட்ட முடியாது. பேத்தியோ பூனையோ டிவி சீரியலோ, எதிலும் மனம் ஒட்டவில்லை, எல்லாம் என் தவறு, நான் போய்விட்டால் உங்களுக்குப் பாரமில்லை என்கிற பேச்சு இரண்டு வாரமாகத் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோய், மருந்தும் பேச்சும் உண்டு. உடனடியாகப் பேச 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். ஒரு எச்சரிக்கை: கீமோ முடிந்தபின் அம்மாவுக்கு டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை தரக்கூடும். ஃபுளுவாக்ஸெடின், பராக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் அதன் வேலையைக் குறைத்துவிடலாம். பாதுகாப்பான வேறு மருந்துகள் இருக்கின்றன. மெடிக்கலில் ‘நரம்பு மாத்திரை’ கேட்டு வாங்காதீர்கள். எந்த மனநல மருத்துவரைப் பார்த்தாலும் புற்றுநோய் ஃபைலைக் காட்டுங்கள்.

மாமாவிடம் சண்டை வேண்டாம். அக்காவைக் காப்பாற்றத்தான் அவரும் அலைகிறார். அவரையே கீமோ அன்று கூட அழைத்துப் போங்கள். அவர் கேட்க நினைப்பதை மருத்துவரிடமே கேட்கட்டும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் மூன்று நிமிடத்திலும் பதில் வாங்கலாம். முகாமுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். அந்தப் பணத்துக்காக அம்மாவை அங்கே அனுப்பாதீர்கள்.

அம்மாவிடம் இன்று இரவே உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேசுங்கள். நோயைக் குணப்படுத்துவதற்காக அல்ல. அவர் பேச ஆசைப்படுகிறார், அதற்காக. அழுதால் அழட்டும், ‘அழாதேம்மா’ என்று தடுக்காதீர்கள். காலையில் ஃபோன் போட மறக்காதீர்கள். போகும்போது ஃபைலோடு அந்தப் பொடிப் பொட்டலத்தையும் எடுத்துப்போய், எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கல்லீரல் பரிசோதனை ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் அடுத்ததை ஏற்றுவார்.